பயம் தெளிந்தவள்

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டோடு சங்ககிரிக்குப் போய் அக்காவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். கல்யாணமாகி முதல் ஆடி. ஏன் வந்தாள், எத்தனை நாள் இருப்பாள் என்று தெருவில் யாரும் கேட்கப்போவதில்லை. புதுப்பெண்கள் எல்லோரும் இந்த மாதம் அம்மா வீட்டில்தான்.

அக்கா இளைத்திருக்கிறாள். அம்மா "அங்க தண்ணி ஒத்துக்கல போல" என்றாள்.

ஆபீசில் இன்று புதுத் தலைப்பு: திடீர் பயம். எங்கள் வேலையைப் பற்றி யாருக்குச் சொன்னாலும் புரிவதில்லை. இத்தாலியர்கள் பேசிய சின்னச் சின்ன ஒலித்துண்டுகள் வரும். ஹெட்போனில் கேட்டு, பேசுபவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று குறிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு உணர்ச்சி கற்றுக்கொடுக்கிறார்களாம். ஆத்தூரில், கல்யாண மண்டபத்து மாடியில் உட்கார்ந்துகொண்டு, இத்தாலியின் பயத்தை நாங்கள் தரம் பிரிக்கிறோம். டிகிரி முடித்தவுடன் இந்த நிறுவனத்துப் பயிற்சியில் சேர்ந்தேன். பிரெஞ்சு வகுப்பு நிரம்பிவிட்டது. இத்தாலிய வகுப்பில் இடம் இருந்தது. அவ்வளவுதான் எனக்கும் இத்தாலிக்கும் உள்ள சம்பந்தம்.

தொரினோ நகரத்திலிருந்து தொனத்தெல்லா என்ற அம்மா வீடியோவில் வந்து வார்த்தைகளை விளக்கினார். முதலில் ஒன்றும் சொல்லாமல் ஒரு தடிமனான புத்தகத்தை மேஜையில் அறைந்தார். நாங்கள் எல்லோரும் நாற்காலியில் துள்ளினோம். "இதுதான் சுசுல்தோ" என்றார். பூனை குறுக்கே ஓடினால் வருவது. உடம்பு குதித்துவிடும், மனசுக்குச் சேதி பிறகுதான் போய்ச் சேரும். மனசுக்குச் சேதி போனபின் வருவது ஸ்பவென்தோ. போகாமல் தங்கிவிடுவது பவூரா.

பக்கத்து சீட் ஹசீனா, "இதுக்குத் தனியா இன்சூரன்ஸ் புடிக்கச் சொல்லணும்டி, எனக்கு நெஞ்சே நின்னுருச்சு" என்றாள். தொனத்தெல்லா என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார். பதில் தெரியும். வாய் திறக்கவில்லை.

ஜூலை 19, சனி

தண்ணீர் வரும் நாள். குடங்களைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தேன். குக்கர் விசில் அடித்தது. அக்கா கையில் இருந்த சொம்பைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். விசில் நின்ற பிறகும் எடுக்கவில்லை.

அம்மா சிந்திய தண்ணீரை உடனே துடைத்தாள். அப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பாத்திரம் சத்தம் போடாது. சொம்பைக்கூட அம்மா துணி விரித்துத்தான் வைப்பாள். அப்பாவுக்குச் சத்தம் ஆகாது.

"என்னடி, குக்கருக்கா பயந்துக்கறே?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா. கை வழுக்கிருச்சு."

சுசுல்தோ அவ்வளவு நேரம் இருக்காது.

ஜூலை 22, செவ்வாய்

அக்காவின் மாமியார் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, நம்ம புள்ள எங்கயோ பயந்திருக்குதுங்க. தூக்கத்துல வாரிச் சுருட்டிட்டு எந்திரிக்குது. கையில குடுத்தது எல்லாம் கீழ போடுது. எங்க ஊட்ல ஒண்ணும் கிடையாதுங்க, உச்சி நேரத்துல எந்தப் பக்கம் போச்சோ. நல்லாத் தெளிய வெச்சு அனுப்புங்க. தெளியாத புள்ளைய வெச்சுக்கிட்டு எங்க தினகரன் எத்தனை நாளைக்குப் பொறுத்துப் போவான், சொல்லுங்க?"

"சரிங்க சம்பந்தி. ஆடி வெள்ளிதான் வருது. பாத்துக்கறேன்."

அப்பா போனை வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை மாரப்பன்கிட்டக் கூட்டிட்டுப் போ" என்றார். மாரப்பன் மாரியம்மன் கோயில் பூசாரி. பயந்த குழந்தைகளுக்கு அவர்தான் தண்ணீர் அடிப்பார், கயிறு கட்டுவார். பெரியவர்களுக்கும் செய்வதுண்டு.

அப்பா இன்று நல்லபடியாக இருந்தார். அதனால் எல்லோரும் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

ஜூலை 25, வெள்ளி

ஆபீசுக்கு அரைநாள் விடுப்பு. கோயிலில் கூழ் ஊற்றும் கூட்டம். பூசாரி அக்காவைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தார். மஞ்சள் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிப் படீரென்று முகத்தில் அடித்தார். வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை இறக்கினார்.

"எதைப் பார்த்து ஆத்தா பயந்தே? சொல்லு. சொன்னாத்தான் எறங்கும்."

அக்கா சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாயாக இருக்கும். புளியமரமாக இருக்கும். சின்ன வயதில் கிணற்றை எட்டிப் பார்த்த பயம் இப்போது வெளியே வருகிறது. அப்பா பின்னாலிருந்து, "மாப்பிள்ளை ஊட்டுக்கிட்ட ஒரு டிரான்ஸ்பார்மர் வெடிச்சுதாம்" என்றார். எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. பூசாரி, "அதான், அதான்" என்று டிரான்ஸ்பார்மரை இறக்கினார்.

வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். ஆடி கடைசி வெள்ளியன்று வீட்டுக்கு வந்து தெளிவு பார்ப்பாராம். எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். பயந்தவளை உட்கார வைத்து, பின்னால் நின்று, அவள் எதிர்பாராத நேரத்தில் பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் போடுவார்கள். தூக்கிவாரிப் போட்டால் பயம் உள்ளேயே இருக்கிறது. கயிறு கட்டியிருக்கும்வரை புகுந்த வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அசையாமல் இருந்தால் தெளிந்துவிட்டது. கயிற்றை அறுத்துவிட்டு அனுப்பலாம்.

ஜூலை 26, சனி

துணி துவைத்தேன். மழை வந்து மறுபடி நனைந்தது.

ஜூலை 28, திங்கள்

வார்த்தைகள் கூடிக்கொண்டே போகின்றன. ஃபீஃபா என்றால் பயம்தான், ஆனால் கேலியாகச் சொல்வது. பரீட்சைக்குப் போகிற பையனுக்கு வருவது. பத்திகுவோரே, நெஞ்சு அடித்துக்கொள்வது. யாராவது பின்னாலிருந்து பயமுறுத்தினால் இத்தாலியர்கள் 'எனக்கு அடி விழச் செய்துவிட்டாயே' என்று கத்துகிறார்கள். கோல்போ என்றால் அடி. யாரும் யாரையும் அடித்திருக்க மாட்டார்கள்.

அங்கே பயத்துக்கு அடி என்று பெயர். எங்கள் வீட்டில்

மேலே உள்ளதை முடிக்காமல் விட்டுவிட்டேன். அம்மா உப்பு வாங்கக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் மாடியில் வற்றல் எடுக்கும்போது அக்கா என் வேலையைப் பற்றிக் கேட்டாள். வார்த்தைகளைச் சொன்னேன். "ஃபீஃபா" என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். வந்ததிலிருந்து இப்போதுதான் சிரிக்கிறாள், என்னைச் சங்கு என்று கூப்பிடுகிறாள்.

"நல்லாருக்கே சங்கு. ஃபுட்பால் மாதிரி இருக்கு. பயத்துக்கு இத்தனை பேரா வெச்சிருக்காங்க?"

"இன்னும் இருக்கு. ஸ்கொமென்தோன்னு ஒண்ணு. இனிமே என்ன பண்றதுன்னே தெரியாம கையும் ஓடாம காலும் ஓடாம நிக்கறது."

"அது எங்க மாமியார் பேசறப்ப எனக்கு வருமே" என்று மறுபடி சிரித்தாள். பிறகு வற்றலைப் பார்த்துக்கொண்டே, "அசையாம இருக்கறதுக்கு?" என்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. முறத்தக் குடு."

ஆகஸ்ட் 1, வெள்ளி

தொனத்தெல்லாவிடம் எழுத்தில் கேட்டேன். எழுத்தென்றால் எனக்குக் கூச்சம் இல்லை. பயத்தில் கொஞ்சமும் அசையாமல் இருப்பவரை என்ன சொல்வீர்கள் என்றேன். உடனே பதில் வந்தது: இம்பியெத்ரீதா. கல்லாகிப் போனவள். இருக்கிற வார்த்தைகளிலேயே இதுதான் கனமானது, ஆனால் நமக்கு வேண்டாம், எங்கள் பட்டியலில் இல்லை என்று எழுதியிருந்தார். நிறுவனத்தின் விதி, சத்தம் இல்லாவிட்டால் பூஜ்யம். பயம் இல்லை என்று குறிக்க வேண்டும்.

ஒரு கிளிப்பில் கதவு இடிக்கும் சத்தம் கேட்கிறது. ஓர் ஆண் கத்துகிறான். பெண்ணின் சத்தமே இல்லை. மூச்சுகூட இல்லை. நான் பூஜ்யம் போடாமல் திருப்பி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றில் தண்ணீர் இல்லை. குழாயடியிலேயே படைத்துவிட்டு, அம்மாவும் அக்காவும் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள்.

மத்தியானம் அக்கா வீட்டுக்காரர் தினகரன் மாமா வந்தார். புடவை, அல்வா, அப்பாவுக்கு ஒரு நல்ல டார்ச் லைட். சங்ககிரியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எல்லோரோடும் கலகலப்பாகப் பேசுவார். தெருவில் அவருக்கு நல்ல பெயர். என்னைப் பார்த்ததும், "வாங்க இத்தாலி மேடம், அந்த ஊர் மாப்பிள்ளையே பாத்துரலாமா?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். வெளியே எல்லோரும் சிரித்தார்கள்.

பைக் சத்தம் கேட்டதிலிருந்து அக்கா மாறிவிட்டாள். குக்கர் விசிலுக்குக் குந்தியவள், அவர் பக்கத்தில் நின்று ஒரு சொட்டு சிந்தாமல் காபி ஊற்றினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்குச் சந்தோஷம். "மாப்பிள்ளையப் பாத்ததும் பாதி தெளிஞ்சுருச்சு" என்றாள்.

சாப்பிட்ட பிறகு நடந்தது இது. அக்கா வெற்றிலைத் தட்டை நீட்டினாள். பேசிக்கொண்டே இருந்த மாமா, கொசுவை அடிப்பவர்போலச் சட்டென்று கையை அவள் முகத்துக்கு நேராக வீசினார். கன்னத்துக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தினார். சமையலறை வாசலில் நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அக்கா அதே இடத்தில் தட்டோடு நின்றாள். கண்கூடச் சிமிட்டியிருக்க மாட்டாள் என்று தோன்றியது. சிமிட்டவில்லை என்று அவரே சொன்னார்.

"பாத்தீங்களா மாமா? ஒரு பயமும் இல்ல. எங்கம்மாதான் சும்மா கெளப்பி வுடுது."

அப்பா சிரித்தார். "தைரியசாலிதான்."

கொசு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

அக்காவே சொன்னாள். நான் கேட்டிருக்க மாட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். முகம் தெரியாததால் சொல்ல முடிந்திருக்கும்.

"வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சாரு சங்கு. கைய ஓங்குவாரு. கண்ணு சிமிட்டலைன்னா அடி இல்ல. சிமிட்டுனா உண்டு. ஒதுங்குனா ரெண்டு. நான் மொதல்ல எல்லாத்துக்கும் ஒதுங்குவேன். இப்பத் தேறிட்டேன்."

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"எண்ணெய் காதுல வழியுது, துடை."

குக்கருக்கு மட்டும் ஏன் அப்படி என்று கேட்டேன். அது யாரும் ஓங்குவது இல்லையே, அதற்குத் தன்னைத் தயார் பண்ணிக்கொள்ள முடியவில்லை என்றாள். மனுசர் பக்கத்தில் வந்தால் உடம்பு தானாக இறுகிக்கொள்கிறதாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என் வேலையின் தரம் குறைந்துவிட்டது என்று டீம் லீடர் கூப்பிட்டுச் சொன்னார். பூஜ்யம் போட வேண்டிய கிளிப்புகளைத் திருப்பி அனுப்புகிறேனாம். "கேக்காத பயத்தை எப்படிம்மா குறிப்பீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒரு யோசனை வந்தது. பஸ்ஸில் வரும்போது வந்தது. வீடு வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அக்கா துள்ள வேண்டும். அவ்வளவுதான். கடைசி வெள்ளியன்று தாம்பாளம் விழும்போது அவள் துள்ளினால், பூசாரி கயிற்றை அறுக்க மாட்டார். தெளிய வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று மாமியாரே சொல்லிவிட்டார். ஆவணி முழுக்க இங்கேயே இருக்கலாம். அதற்குள் நான் ஏதாவது செய்யலாம். சேலத்தில் ஒரு ரூம் எடுக்கலாம். ஹசீனாவின் சித்தி வக்கீலிடம் வேலை பார்க்கிறாள்.

அக்காவிடம் சொன்னேன். மணிக்கட்டுக் கயிற்றைத் திருகினாள்.

"துள்ளுனாப் போதுமா?"

"போதும்."

"அது என்ன பெரிய வித்தை" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

அப்பா களத்துக்குப் போன பிறகு, அம்மா ரேஷனுக்குப் போன நேரத்தில் பழகினோம். அக்காவை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைப் போட்டேன். அவள் அசையவில்லை. தட்டு சுற்றிச் சுற்றி அடங்கிய பிறகு, "ஆ" என்றாள்.

"அக்கா, இது லேட்டு."

"தெரியுது. நீ நிக்கறது தெரிஞ்சுருதுடி. தெரிஞ்சதும் இறுகிக்குது."

மறுபடி போட்டேன். இந்த முறை தட்டு விழுவதற்கு முன்பே துள்ளினாள். இருவரும் சிரித்துவிட்டோம். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன அங்க தட்டுமுட்டுச் சாமானெல்லாம் பறக்குது?" என்றாள். சமையல் என்றோம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபீஸ் கிளிப்புகளை வெளியே கொண்டுபோகக் கூடாது. கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்து அக்காவுக்கு ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினேன். மூச்சு உள்ளே போகும் 'ஹ்'. தோள் காதுவரை ஏறுவது. கை நெஞ்சுக்குப் போவது. பள்ளிக்கூடத்தில் மேடை ஏறச் சொன்னால் அழுகிற நான், ஓர் இத்தாலியப் பெண் பாத்ரூமில் பல்லியைப் பார்த்ததை நடித்தேன். அக்கா அப்படியே திருப்பிச் செய்தாள். நன்றாகவே செய்தாள். பல்லி இல்லாதபோது.

தட்டு விழும்போது மட்டும் வரவில்லை.

"எனக்குப் பயப்படச் சொல்லிக் குடுக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று சிரித்தாள். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று வந்துவிட்டது. மூன்று தடவை போட்டதில் ஒரு தடவை, சரியான நேரத்தில், தோள் ஏறியது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். பரீட்சை பாஸான மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆபீஸ் விடுமுறை. காலையிலேயே வீடு கழுவி, மாக்கோலம் போட்டு, அக்காவுக்குத் தலை குளிப்பாட்டினோம். சங்ககிரியிலிருந்து மாமியாரும் தினகரன் மாமாவும் வந்தார்கள். மாரப்பன் பூசாரி நெய்த் தீபம் ஏற்றி, அக்காவை நடுவீட்டில் உட்கார வைத்தார். சுற்றிலும் நாங்கள். அப்பா நிலைப்படியில் சாய்ந்து நின்றார். அம்மா சமையலறை வாசலில்.

தாம்பாளத்தைப் பின்னால் யார் போடுவது என்பதில் பேச்சு வந்தது. வழக்கமாகப் பூசாரிதான் போடுவார். தினகரன் மாமா, "நான் போடறனே, சாமி. எம் பொண்டாட்டி எங்கிட்டப் பயப்படறாளான்னு நானே பாத்துக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்துக்கொண்டே தாம்பாளத்தை நீட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தோளை லேசாக ஏற்றிக் காட்டினேன்.

அவர் சீக்கிரம் போடவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். மழையைப் பற்றி, பட்டறை கரண்ட் பில்லைப் பற்றி. பிறகு கையை உயர்த்தி, தலைக்கு மேலிருந்து விட்டார்.

அந்தச் சத்தத்தில் மாமியார் "யம்மா" என்று நெஞ்சைப் பிடித்தார். அப்பா நிலையிலிருந்து நகர்ந்துவிட்டார். வாசலில் நின்ற பூனை ஓடியது. எனக்கு முதுகுத் தண்டு ஒருமுறை வெட்டி இழுத்தது. சுசுல்தோ.

அக்கா அசையவில்லை. கையிலிருந்த பூகூட அசையவில்லை. துள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். துள்ள வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். உடம்பு கேட்கவில்லை.

தாம்பாளம் உருண்டு சமையலறை வாசலில் போய் அம்மாவின் காலருகே விழுந்து சுழன்றது. அம்மாவும் அசையவில்லை. குனிந்து எடுக்கக்கூட இல்லை.

"சுத்தமாத் தெளிஞ்சுருச்சு" என்றார் பூசாரி. குலவை போட்டார்கள்.

"இல்லீங்க" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. "இல்லீங்க. அவ பயந்துட்டா."

"யாரு, அவளா?" என்றார் தினகரன் மாமா. "நீதான் கண்ணு எகிறிக் குதிச்சே. சாமி, அடுத்த கயிறு இந்தப் புள்ளைக்குக் கட்டுங்க."

வீடே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே கயிற்றை அறுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

அம்மா அக்காவின் பெட்டியை அடுக்கினாள். புளி, மிளகாய்த்தூள், கொஞ்சம் ஜவ்வரிசி. நான் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கண் சிமிட்டும் விளையாட்டையும் சொன்னேன். அம்மா ஜவ்வரிசிப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"மொத மூணு வருசம்தான்டி. அப்புறம் உடம்பு பழகிக்கும்."

இதை ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. பத்து மணிக்குள் நல்ல நேரம் என்று மாமா சீக்கிரமே பைக்கில் வந்தார். பெட்டியைப் பின்னால் கட்டினார். நான் கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்தேன். கட்டுவதற்கு உதவுகிறேன் என்று நினைத்து, "அப்படியே இழுத்துப் புடி" என்றார்.

நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு கண்ணு, நேரமாகுது."

"அக்கா வரல."

"ஏனாம்?"

"நீங்க அடிக்கிறீங்க."

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. ரொம்பப் பெரிதாகக் கேட்டது. தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பால்காரர் வண்டியை நிறுத்தினார். அப்பா, "உள்ள போடி" என்றார். நான் போகவில்லை. "கைய ஓங்கி விளையாடறீங்க. கண்ணு சிமிட்டுனா அடிக்கிறீங்க. அக்கா சொல்லுச்சு."

தெரு முழுக்க அக்காவைப் பார்த்தது. எனக்குத் திடமாக இருந்தது. இவ்வளவு பேர் இருக்கிறார்கள். இவள் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையை ஆட்டினாலே போதும்.

மாமா கோபப்படவில்லை. அக்காவின் பக்கம் திரும்பி, ரொம்பத் தன்மையாக, "சொன்னியா கோகிலா?" என்று கேட்டார்.

அக்காவின் முகம் காபி ஊற்றியபோது இருந்த முகமாக ஆனது.

"அவ சின்னப் பொண்ணுங்க. ஏதோ ஒளர்றா. நீங்க வண்டிய எடுங்க."

"பரவால்ல மாமா, புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்று அப்பாவிடம் சொன்னார். "ஊட்டுக்குப் போய் நாங்க பேசிக்கறோம்."

பெட்டியை என் விரல்களிலிருந்து அக்காதான் பிரித்தெடுத்தாள். ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அவள் முதுகுக்கும் எனக்கும் நடுவில் பெட்டி இருந்தது.

அவர்கள் போன பிறகு அப்பா என்னை எதுவும் சொல்லவில்லை. அம்மாவைத்தான் உள்ளே கூப்பிட்டார். பெண் வளர்த்த லட்சணத்தைப் பற்றிப் பேசினார். நான் மாடிக்குப் போய் வற்றல் பாயைச் சுருட்டினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அக்கா போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எடுக்கவில்லை. ஹசீனா, "வேலைல இருக்கும்டி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே அவள் போனிலிருந்து போட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தாள். வக்கீலிடம் வேலை பார்க்கும் சித்தியின் நம்பர்.

நான் பேசாமல் இருந்திருந்தால் அங்கே பேசிக்கொள்ள எதுவும் இருந்திருக்காது.

ஆகஸ்ட் 20, புதன்

பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது.

காலையில் மாமியார் போனை எடுத்தார். "படுத்திருக்குது. காய்ச்சல். யாரும் வர வேண்டாம்" என்றார். அக்காகிட்டப் போனைக் குடுங்க, ஒரு வார்த்தை பேசுகிறேன் என்றேன். "தூங்கற புள்ளைய எழுப்பச் சொல்றியா?" என்று வைத்துவிட்டார்.

அம்மா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. கையைக் கழுவினாள். உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எங்க கெளம்பிட்டே?"

"சங்ககிரிக்கு."

"யாரக் கேட்டு?"

அம்மா பையை எடுத்துக்கொண்டாள். அப்பா எழுந்தார். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அது முடிந்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து, "வர்றியா?" என்றாள். கையைப் பையில் விட்டு அந்த நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். செருப்பு மாட்டினேன்.

இப்போது ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இடது கன்னம் வெளிப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்திருக்கிறாள். வாழப்பாடி தாண்டியது. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் ஆவணி மொத நாள்தான் அனுப்புனாங்க. எங்கம்மா வரும் வரும்னு ரோட்டையே பாத்துட்டு இருந்தேன்."

"வந்துச்சாம்மா?"

"வந்துச்சு. தீபாவளிக்கு. பலகாரம் எடுத்துக்கிட்டு."

கண்டக்டர், "சேலம் எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்கிறார். சங்ககிரிக்கு இங்கே பஸ் மாற வேண்டும். அம்மா பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்துவிட்டாள்.